25,000 ரூபாய்க்குள் கம்பியில்லா மெக்கானிக்கல் கேமிங் விசைப்பலகை: எதைப் பார்த்து வாங்குவது?

பகல் முழுவதும் வீட்டிலிருந்தே அலுவலக வேலை, இரவில் இரண்டு மணி நேரம் வாலோரன்ட் என்ற சுடும் விளையாட்டு, மேசையில் கம்பி கூடாது, 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம், எந்த மெக்கானிக்கல் விசைப்பலகையை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளில் மூன்று வயர்லெஸ் விசைப்பலகைகளை மாற்றியவன் நான். அவற்றில் முதலாவதை வாங்கியது முழுத் தவறு. இந்தப் பதிலின் பெரும்பகுதி அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

அந்த முதல் விசைப்பலகை ஒரு பெரிய நிறுவனத்துடையது, பெயர் வேண்டாம். வேகம், வெளிச்சம், உலோக உடல் என்று எதிலும் குறை சொல்ல முடியாது. பதினான்காம் மாதத்தில் ஆங்கில ‘ஓ’ (O) விசை ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை பதியத் தொடங்கியது. நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவன். அந்த அமைப்பில் ‘ஓ’ விசையில்தான் ‘ட’ இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். ஆகவே ‘படம்’ என்று அடித்தால் திரையில் ‘பட்டம்’ என்று வந்தது. சேவை மையத்தில் கேட்டதற்கு, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள சுவிட்சுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, தனியாக ஒன்றை மட்டும் மாற்ற மாட்டோம் என்றார்கள். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, வேறொரு சுவிட்சைப் பொருத்திக் கொடுத்தார். சுவிட்சின் விலையை விட அதைத் தேடி அலைந்த ஆட்டோச் செலவு அதிகம்.

இந்த விலையில் கிடைப்பவை எல்லாமே வேகமானவைதான். வாங்கிய அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். எனவே, இரண்டாம் ஆண்டில் எதைக் கழற்றி மாற்ற முடியும் என்பதை முதலில் பாருங்கள். ‘ஹாட் ஸ்வாப்’ வசதி உள்ள பலகையில் சிறு இடுக்கியால் சுவிட்சைப் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம், ஒரு நிமிட வேலை. அதில் ஐந்து முள் சுவிட்சும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முள்ளுக்கு மட்டும் துளையுள்ள பலகை என்றால், கூடுதலாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டிவிட்டுத்தான் செருக வேண்டியிருக்கும்.

சுவிட்ச் வகைகளைப் பற்றி இணையத்தில் மலையளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் அமைப்புதான் இன்றைய பெரும்பாலான சுவிட்சுகளுக்கு மூலம். அதன் காப்புரிமை காலாவதியான பிறகு பல சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கியதால்தான் இன்று இத்தனை வகைகள். சிவப்பு வகை தடையின்றி இறங்கும்: ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம், 2 மி.மீ. இறங்கியதும் பதிவு, மொத்தப் பயணம் 4 மி.மீ. பழுப்பு வகையில் நடுவே ஒரு சிறு முட்டல் விரலுக்குத் தெரியும். நீல வகை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ‘டிக்’ என்று சத்தம் போடும். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் விளையாடுபவர் நீலத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது. நண்பரிடம் இரவல் வாங்கிய நீலப் பலகையில் ஒரே ஓர் இரவு விளையாடினேன், மறுநாள் காலையில் அம்மா, “ராத்திரியெல்லாம் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறாயா?” என்று கேட்டார். உங்களைப் போல வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே பலகை என்றால், சிவப்போ அதற்கு இணையான மென்மையான வகையோ போதும்.

இப்போது எல்லோரும் பேசுவது காந்த சுவிட்சுகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும்போது அழுத்தம் பதிவாகிறது. தகடுகள் தொடும் கணத்தில் சற்றே துள்ளும்; அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் இருக்க, உள்ளே இருக்கும் மென்பொருள் சில மில்லி விநாடிகள் பொறுத்திருக்கும். தகடுகள் தேய்ந்து, துள்ளல் அந்தப் பொறுமையையும் மீறும்போதுதான் ‘படம்’ ‘பட்டம்’ ஆகிறது. காந்த சுவிட்சில் தகடுகளே இல்லை. தண்டின் அடியில் ஒரு சிறு காந்தம். பலகையில் ஓர் உணரி. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின்படி, காந்தம் நெருங்க நெருங்க உணரியின் மின்னழுத்தம் மாறுகிறது. அதைக் கொண்டு விசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பலகை எந்நேரமும் அறிகிறது. ஆகவே எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை நீங்களே 0.1 மி.மீ. அளவில்கூட வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது ‘ரேப்பிட் டிரிகர்’. சாதாரண சுவிட்சில் விரலைத் தூக்கினாலும், விசை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மேலே வந்த பிறகுதான் ‘விடுபட்டது’ என்று பதிவாகும். காந்த வகையிலோ விரல் இம்மியளவு மேலெழும்பினாலே பதிவாகிவிடும். ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும் வாலோரன்ட் போன்ற விளையாட்டில், நின்று சுடுவதற்கு இது உண்மையிலேயே உதவுகிறது. நான் தரவரிசையில் ஏறவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ‘நின்றுவிட்டேன்’ என்று நான் நினைத்த கணமும் விளையாட்டில் என் பாத்திரம் நின்ற கணமும் ஒன்றாகிவிட்டதை உணர முடிந்தது.

ஆனால் கம்பியில்லாப் பலகையில் இதற்கு ஒரு விலை உண்டு. மெக்கானிக்கல் பலகை, யாரும் எதையும் அழுத்தாதபோது ஏறத்தாழ உறங்கிவிடும். காந்தப் பலகையின் உணரிகளுக்கோ மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் பேட்டரி விரைவில் தீர்கிறது. காந்த விசைப்பலகைகளைப் பிரபலமாக்கிய நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனத்தின் 60எச்இ, 80எச்இ இரண்டுமே கம்பியுள்ளவை. மேலும், பெரும்பாலான காந்தப் பலகைகளில் சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சைச் செருகினால் வேலை செய்யாது; அந்தப் பலகை ஏற்கும் காந்த சுவிட்சைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். இன்னொன்று: எதிரெதிர் விசைகள் இரண்டையும் அழுத்தும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதியை, 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கவுண்டர் ஸ்டிரைக் 2 சர்வர்களில் தடைசெய்தது. அதற்காகவே ஒரு பலகைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இணைப்பு. புளூடூத் மட்டும் உள்ள பலகையை விளையாட்டுக்கு வாங்க வேண்டாம். குறைந்த ஆற்றல் புளூடூத்தில் நீண்ட காலமாகவே இரண்டு தொடர்புகளுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி 7.5 மில்லி விநாடி. நடைமுறையில் இன்னும் கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வாங்கி) கொடுக்கும் பலகைகள் விநாடிக்கு 1,000 முறை, அதாவது மில்லி விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்புகின்றன. லாஜிடெக் இதை லைட்ஸ்பீட் என்கிறது, ரேசர் ஹைப்பர்ஸ்பீட் என்கிறது, பெயர்தான் வேறு. 8,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 8,000 முறை என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். 1 மில்லி விநாடி 0.125 ஆகிறது, அவ்வளவே. உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே ஏறத்தாழ 7 மில்லி விநாடி ஓடிவிடுகிறது. அந்தக் கணக்கில் இந்த லாபம் கடலில் கரைத்த பெருங்காயம். பேட்டரி மட்டும் உண்மையாகவே கரையும்.

டாங்கிளை எங்கே செருகுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். என் இரண்டாவது பலகை தினமும் இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் மக்கர் செய்யும். ‘டபிள்யூ’ விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் பாத்திரம் ஓடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நிற்கும். பலகையைத்தான் ஒரு வாரம் சந்தேகித்தேன். உண்மையில் பத்து மணிக்குத்தான் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் இருந்த வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் ஓடத் தொடங்கும். யூஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012லேயே ஒரு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. விசையை விட்டுவிட்டேன் என்ற செய்தி அந்த இரைச்சலில் தொலைந்துபோனால், கணினியைப் பொறுத்தவரை விசை இன்னும் அழுந்தியேதான் இருக்கிறது. சிபியு பெட்டியின் பின்புறம், இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே டாங்கிளைச் செருகாமல், பலகையோடு வரும் நீட்டிப்புக் கம்பியால் அதை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். நான் அப்படிச் செய்த அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. கம்பியே வேண்டாம் என்று வாங்கிய பொருளுக்கு ஒரு முழக் கம்பி தேவைப்படுகிறதே என்று சிரிக்கலாம், ஆனாலும் வையுங்கள்.

டாங்கிள் தொலைந்தால் தனியாக விற்கிறார்களா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். சில நிறுவனங்கள் விற்பதில்லை. அப்போது அது வெறும் புளூடூத் பலகையாகிவிடும்.

பேட்டரியைப் பற்றி விளம்பரத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அசூஸ் ரோக் அஸாத் விசைப்பலகை 2,000 மணி நேரம் தாங்கும் என்பது, விளக்குகளையும் மேலே உள்ள சிறு திரையையும் அணைத்துவிட்டால் மட்டுமே. லாஜிடெக் ஜி915க்குச் சொல்லப்படும் 30 மணி நேரம் முழு வெளிச்சத்தோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். விசைப்பலகையில் மின்சாரத்தைக் குடிப்பது பெரும்பாலும் விளக்குகள்தான். அவற்றை அணைத்தால் வாரக்கணக்கில் ஓடும். சார்ஜ் ஏற்றும்போது வேலை செய்கிறதா, துளை டைப்-சி வகையா என்பது போதும். பழைய ஜி915இல் மைக்ரோ யூஎஸ்பி இருந்தது. 2024இல் வந்த ஜி915 எக்ஸில் டைப்-சி. பழைய இருப்பைத் தள்ளுபடியில் கொடுத்தால் இதைக் கவனியுங்கள். லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. திருகைக் கழற்றினால் எட்டும் இடத்தில், செருகு முனையோடு இருந்தால் மாற்றுவது எளிது. பசை போட்டு ஒட்டியிருந்தால் கம்பியோடு பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

விசை மூடிகளில் பிபிடி பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். ஏபிஎஸ் மூடிகள் விரல் எண்ணெயிலும் வியர்வையிலும் சில மாதங்களிலேயே பளபளத்துவிடும். தமிழ்99இல் புள்ளி விழும் இடம் ‘எஃப்’ விசை. என் பழைய பலகையில் மற்றவை ஓரளவுக்குத் தப்பித்திருக்க, ‘எஃப்’ மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மின்னியது. சுட்டுவிரலுக்கு இடம் காட்டும் சிறு மேடும் மழுங்கிப்போயிருந்தது. எழுத்தையும் மூடியையும் இரு நிறப் பிளாஸ்டிக்கில் சேர்த்து வார்த்த ‘டபுள் ஷாட்’ வகை என்றால் எழுத்து அழியாது.

அளவைப் பொறுத்தவரை, எண் பகுதி இல்லாத 87 விசை டிகேஎல்லோ அதைவிட நெருக்கமான 75 சதவீத அமைப்போ எடுத்துக்கொள்ளுங்கள்; மவுஸை வீசுவதற்கு வலப்பக்கம் இடம் கிடைக்கும். அலுவலக வேலையில் எக்செல் அதிகம் என்றால் எண் பகுதியைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். 60 சதவீதப் பலகையில் அம்புக்குறி விசைகளே தனியாக இருக்காது. பகல் முழுவதும் எழுதுபவருக்கு அது வேண்டாத வேலை.

இனி பெயர்கள். விலை அடிக்கடி ஏறி இறங்குவதால், வாங்கும் நாளில் உங்கள் தொகைக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் பார்ப்பது கீக்ரான் க்யூ1 மேக்ஸ்: அலுமினிய உடல், ஹாட் ஸ்வாப், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1,000 ஹெர்ட்ஸ், விசை மாற்றங்களைப் பலகையிலேயே சேமிக்கும் வசதி. அலுவலக மடிக்கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ விடமாட்டார்கள் அல்லவா, அங்கே இந்தக் கடைசி வசதி கைகொடுக்கும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் பையில் தூக்கிச் செல்ல உதவாது; உயரமும் அதிகம், மணிக்கட்டுக்கு ஒரு தாங்கி வேண்டும். பெயரில் ‘மேக்ஸ்’ இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள், ஏனென்றால் க்யூ1 புரோ என்ற முந்தைய மாதிரி கம்பியில்லாமல் புளூடூத்தில் மட்டுமே இயங்கும். அஸாத் இதற்கு நிகரானது. சுவிட்சுக்கு எண்ணெய் இடும் கருவிகளையும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். மடிக்கணினி விசைகளுக்கே விரல் பழகியிருந்தால், 22 மி.மீ. தடிமனுள்ள ஜி915 குடும்பம் ஒத்துவரும். அதன் தட்டைச் சுவிட்சுகளுக்கு மாற்று கிடைப்பது கடினம் என்பதை அறிந்தே வாங்குங்கள்.

வாலோரன்ட்டில் தரவரிசைதான் குறி என்றால் ஸ்டீல்சீரிஸ் ஏபெக்ஸ் புரோ டிகேஎல் வயர்லெஸ், கீக்ரான் க்யூ1 எச்இ இரண்டும் காந்த வகையில் பார்க்கத்தக்கவை. ஆனால் காந்த சுவிட்ச்தான் வேண்டும் என்று முடிவு செய்து, பலகையும் மேசையை விட்டு நகரப்போவதில்லை என்றால், கம்பியுள்ளதை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதே தரம் குறைந்த பணத்தில் கிடைக்கும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். குறிப்பாக இடைவெளி விசை, ஷிஃப்ட், என்டர் ஆகிய மூன்றையும் நடுவில் மட்டுமல்லாமல் இரு ஓரங்களிலும் அழுத்துங்கள். அவற்றின் அடியில் உள்ள கம்பித் தாங்கிகள் சரியாக அமையாவிட்டால் கடகடவென்று ஒலிக்கும். அப்படி ஒலித்தால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு மாற்றுக் கேளுங்கள்.