கையெழுத்துப் போடும் இடத்தில் உங்கள் மகள் நிற்கட்டும்

டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளுக்குப் பதினேழு வயது, பள்ளியில் கடைசி ஆண்டு. போன கோடையில் குடும்பத்தோடு ஒரு சின்ன ஜெட்டில் போயிருக்கிறார்கள். டிக்கெட்டில் பெரிய விமான கம்பெனியின் பெயர், வாலிலும் அதே நிறம், அதே பெயர். கதவருகே மட்டும் பொடி எழுத்தில் வேறொரு கம்பெனி. "அப்படின்னா இந்த பிளேனை ரிப்பேர் பண்றது யாரு?" என்று பெண் கேட்டிருக்கிறாள். அன்று பிடித்த கேள்வி இன்னும் விடவில்லை. கம்யூனிட்டி காலேஜில் விமானப் பராமரிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள்.

வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. "மெக்கானிக் ஆகறதுக்கா அமெரிக்கா வந்தீங்க?" என்கிறார் பெரியப்பா. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் டாலர் வரும், கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார் அந்த அம்மா.

அம்மா, பெண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அவள் தெளிவாக இருக்கிறாள். எனக்குக் கவலை அந்த மூன்று லட்சம்தான். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏரோஸ்பேஸ் நல்ல படிப்பு, அதைக் குறை சொல்லவில்லை. காற்றோட்டக் கணக்கும் வடிவமைப்பும் பிடித்த பிள்ளைக்கு அது சரி, அதையும் மாநிலப் பல்கலையில் பாதிக்கும் குறைந்த செலவில் படிக்கலாம். உங்கள் மகள் கேட்டது யார் ரிப்பேர் செய்கிறார்கள் என்று. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் 'இது பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்திட முடியாது. அதற்கு எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், தரும் மெக்கானிக் சான்றிதழ் வேண்டும். நாலு வருஷமும் மூன்று லட்சமும் செலவழித்த பிறகு, அவள் போக நினைத்த கதவு பூட்டியே இருக்கும். பைலட் பயிற்சி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், பிறகு 1,500 மணி நேரம் பறந்து சேர்க்க வேண்டும், அவளுக்கு அதில் நாட்டமும் இல்லை. விட்டுவிடுவோம்.

அவள் கேட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்பதை உங்கள் வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரிய நிறுவனம் டிக்கெட்டை விற்கிறது, நேர அட்டவணையைப் போடுகிறது. பொடி எழுத்தில் பெயர் போட்டிருந்த பிராந்திய நிறுவனம் ஒப்பந்தத்துக்குப் பறக்கிறது. பைலட், பணியாளர், பராமரிப்பு எல்லாம் அதன் பொறுப்பு, அதற்குப் பேசி வைத்த கட்டணம். அந்த நிறுவனமும் பராமரிப்பை வெளியே விடலாம். அந்த வேலையை எடுத்தவர் ஆட்களை இன்னொருவரிடமிருந்து வரவழைக்கலாம். யார் கையால் வேலை நடந்தாலும் பொறுப்பு பறக்கும் நிறுவனத்துடையதுதான் என்று அமெரிக்க விமான விதி 121.363 நேராகவே சொல்கிறது. ஆனால் விதி காகிதத்தில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் பிடித்து நிற்பது ஓர் ஆள்.

2003 ஜனவரி 8. வட கரோலினாவின் ஷார்லட் விமான நிலையம். யுஎஸ் ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ் 5481 என்று டிக்கெட் வாங்கியவர்கள் ஏறியது ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச் 1900டி விமானத்தில். அதன் பராமரிப்பை ஏர் மிட்வெஸ்ட் வேறொரு நிறுவனத்திடம் விட்டிருந்தது. அந்த நிறுவனம் மெக்கானிக்குகளை இன்னொரு நிறுவனத்திடமிருந்து எடுத்திருந்தது. விபத்துக்கு முன், மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் ஓர் இரவு ஷிஃப்டில், வாலில் இருந்தபடி விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற தகட்டின் கேபிள் இழுவையைச் சரிசெய்தார்கள். அதைச் செய்த மெக்கானிக்குக்கு இந்த வகை விமானத்தில் அந்த வேலை முதல் தடவை. கையேட்டில் சொன்ன படிகளில் சிலவற்றைத் தாண்டிவிட்டார்கள். கேபிளை இறுக்கித் தளர்த்தும் டர்ன்பக்கிள் தவறாகத் திருகப்பட்டு, மூக்கைக் கீழே இறக்கும் அசைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. அவருக்கு அங்கே நின்று கற்றுக்கொடுத்தவரே பிறகு ஆய்வாளராகவும் கையெழுத்திட்டார்.

விமானம் அதற்குப் பிறகும் சில தடவை பறந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அன்று பின்பக்கம் பாரம் கூடியிருந்தது. மேலே எழும்பியதும் மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது, பைலட்டுகளால் இறக்க முடியவில்லை. 21 பேரும் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மெக்கானிக் தவறோடு நிறுத்தவில்லை. ஹண்டிங்டனில் நடந்த வேலையை ஏர் மிட்வெஸ்ட் மேற்பார்க்கவில்லை என்றும், ஏர் மிட்வெஸ்டின் பராமரிப்பை எஃப்ஏஏ சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் எழுதியது.

அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், உங்கள் டெக்சாஸிலேயே, ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 வானத்திலேயே உடைந்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். வால் இறக்கையின் முன் விளிம்பில் 47 திருகுகளைக் கழற்றியிருக்கிறார்கள். அவற்றைத் திருப்பி மாட்டுவதற்குள் ஷிஃப்ட் மாறிவிட்டது. வந்தவர்களுக்கு அது தெரியாது. மறுநாள் காலை விமானம் பறந்தது.

இரண்டிலும் இழை அறுந்தது ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான். உங்கள் மகள் அந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறாள். அதற்கான வழியை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் இது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), பவர்பிளான்ட் (எஞ்சின்) என்று இரண்டு தகுதி. சேர்த்து 'ஏ அண்ட் பி' என்பார்கள். எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற பள்ளியில் ஒன்றரை முதல் இரண்டு வருஷம். உங்களுக்குப் பக்கத்திலேயே டாரன்ட் கவுன்டி காலேஜ், அலயன்ஸ் விமான நிலையத்தில் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. பொது, ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட் என்று எழுத்துத் தேர்வு, அப்புறம் தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வும் செய்முறையும். சான்றிதழுக்குக் குறைந்தபட்ச வயது 18. பைலட்டுக்கு வேண்டிய மருத்துவச் சான்று இதற்கு வேண்டாம்.

ஒரு முறை நான் சில மாணவர்களோடு இப்படி ஒரு பயிற்சி ஹேங்கருக்குப் போயிருந்தேன். ஒரு பையன் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே பாதுகாப்புக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். பார்க்கப் பின்னல் மாதிரி அழகாக இருந்தது. ஆசிரியர் ஒரு நொடி பார்த்துவிட்டு வெட்டிப் போட்டார். கம்பி போல்ட்டை இறுகும் பக்கம் இழுக்க வேண்டும். இவன் கட்டியதில் அது தளரும் பக்கம் இழுத்தது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. பிறகு அவன் பணித்தாளில் தன் பெயரை எழுத, பக்கத்தில் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். வேலையைச் செய்தவரே அதைக் கட்டாயப் பரிசோதனை செய்யக்கூடாது என்பது விமான நிறுவனங்களுக்கான விதி. அதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலிருந்தே பழகுகிறார்கள்.

இந்த வழியில் அவள் மெக்கானிக்காகவே நின்றுவிடுவாள் என்று நினைக்காதீர்கள். சில வருஷம் கையில் எண்ணெய் பட்ட பிறகு நிறுவனத்தின் கட்டாயப் பரிசோதகர் ஆகலாம். ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் பராமரிப்பைத் தானே இடைவிடாமல் ஆராயும் அமைப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதி 121.373 சொல்கிறது. காஸ் என்பார்கள். வெளியே வேலை எடுத்த பட்டறைகளுக்குப் போய், பதிவேடுகளைப் புரட்டி, கருவிகளின் அளவுத்திருத்தத் தேதி பார்த்து, 'இங்கே வேலை நிறுத்துங்கள்' என்று சொல்லும் தணிக்கையாளர்கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பெரிய நிறுவனங்களும் தங்கள் பெயரில் பறப்பவர்களைத் தணிக்கை செய்ய ஆள் வைத்திருக்கின்றன. அதற்கு அப்பால் எஃப்ஏஏவிலேயே விமானத் தகுதி ஆய்வாளர் பணி இருக்கிறது, குடியுரிமையும் நல்ல அனுபவமும் கேட்பார்கள். இத்தனை இடத்திலும் ஏ அண்ட் பி இல்லாமல் அழுத்தமாக நிற்பது கஷ்டம். பட்டம் வேண்டுமென்றால் வேலை பார்த்துக்கொண்டே பிறகு படிக்கலாம், காலேஜில் பெற்ற கிரெடிட் பலவற்றை எடுத்துக்கொள்ளும் பல்கலைகள் உண்டு.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். முதல் சில வருஷம் ராத்திரி ஷிஃப்ட். சின்ன விமானங்கள் பகலெல்லாம் பறந்து இரவில்தான் கீழே நிற்கும், அதனால் வேலையும் அப்போதுதான். கருவிகளைப் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்க வேண்டும், சில ஆயிரம் டாலர் போகும். குளிர், வெயில், இரைச்சல் எல்லாம் உண்டு. ஊதியத்தைக் கேட்டால், அரசுப் புள்ளிவிவரப்படி 2023-இல் விமான மெக்கானிக்குகளின் இடைநிலை (மீடியன்) ஆண்டு ஊதியம் ஏறக்குறைய 75,000 டாலர். ஆரம்பத்தில் அதற்குக் குறைவுதான் கிடைக்கும். ஆனால் இருபது வயதில் கடனில்லாமல் தொடங்குகிறாள் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் அரசுக் கடன் உங்கள் பேரில்தான் நிற்கும், அவள் பேரில் இல்லை. நீங்கள் ஓய்வு பெறும் வயதில் அதைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்துக்குக் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கிறது என்று வைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். மகள் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருந்தால் உடனே சொல்லுங்கள். 21 வயதில் அந்த நிலை முடிந்துவிடும், மெக்கானிக் வேலைக்கு எச்-1பி கிடைப்பது மிகக் கடினம். அப்போது என் ஆலோசனை மாறும்.

பெண் பிள்ளை ராத்திரியில் ஹேங்கரில் நிற்பதா என்று பெரியப்பா கேட்பதற்குப் பதில்: நர்ஸாக ராத்திரி நின்றால் நாம் பெருமையாகத்தானே சொல்கிறோம்? அவள் படிப்பைப் பற்றி அவர் அக்கறையோடு பேசுவது சரி. முடிவு செய்வது அவள், செலவு செய்வது நீங்கள். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமில்லை என்று மரியாதையாகவே சொல்லிவிடுங்கள்.

மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்லி அந்தப் பல்கலையிலிருந்து கடிதம் வரும். கட்டாதீர்கள். அதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டு மகளோடு அலயன்ஸுக்குப் போங்கள். தேர்வாளர் அங்கேயே இருக்கிறாரா, எத்தனை பேர் முதல் தடவையிலேயே தேறுகிறார்கள், எந்தப் பிராந்திய நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கின்றன என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள், அவள் என்ன கேட்டாள் என்பதையும் சேர்த்து.