எடுக்கவோ, கோக்கவோ?

கேள்வி: நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவனை வைத்து எங்கள் ஊர் மேடைக்குத் துன்பியல் நாடகம் எழுதுகிறோம். கர்ணனின் செஞ்சோற்றுக் கடன் போல உருக்கமாக வர என்ன செய்யலாம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி, அந்தக் ‘கடன்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வயலுக்குப் பட்ட கடனென்றால் சூடடித்ததும் இத்தனை மூடை என்று அளந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். கர்ணன் பட்ட கடன் எத்தனை மூடை?

வில்லிபாரதத்தில் குந்திக்கு அவன் எடுத்துச் சொல்வது ஒரு மேகலையை. தனியிடம், கர்ணனும் துரியோதனன் மனைவியும் மட்டும். அவளுடைய இடையில் கட்டிய மேகலை அறுந்து மணிகள் சிந்திக் கிடக்கின்றன. வந்து நின்ற துரியோதனன் கேட்டது, “எடுக்கவோ, கோக்கவோ?” முடி தந்தவனுக்கு இன்னொரு முடியை வென்று கொடுத்துக் கடன் தீர்க்கலாம். சந்தேகமே படாதவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? மேடையில் இதைப் பாட்டாக இழுக்காதீர்கள். மத்தளத்தை நிறுத்துங்கள். முடி தரித்த அரசன் குனிந்து மணி பொறுக்கட்டும். உருண்டோடிய ஒன்றைத் தேடட்டும்.

ஆனால் உருக்கம் கதையை நகர்த்தாது. வியாசரைப் பாருங்கள். கர்ணனிடம் கண்ணன், நீ குந்தியின் மூத்த மகன் என்று பிறப்பைச் சொல்லி அரசும் தருகிறேன் என்கிறான். கௌரவர் தோற்பார்கள் என்று கர்ணனுக்கு அப்போதே தெரியும். இருந்தும், “தருமனுக்கு இதைச் சொல்லாதே, தெரிந்தால் நாட்டை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன்” என்கிறான். போரை நிறுத்தக்கூடிய ஒரு செய்தி அந்த இடத்திலேயே புதைந்து போகிறது.

அடுத்தது வேல். கவசகுண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் வாங்கியது, ஒரே தடவைதான் எறியலாம், அருச்சுனனுக்கென்று வைத்திருந்தது. 14ஆம் நாள் இரவு வீமன் மகன் கடோற்கசன் கௌரவர் படையை அழிக்கிறான். கௌரவர் கர்ணனைப் பார்த்துக் கதறுகிறார்கள். எறியாவிட்டால் நண்பனுக்குப் படை மிஞ்சாது. எறிந்தால் அருச்சுனனுக்கு வேல் இல்லை. எறிகிறான். நண்பனைக் காத்த செயலே நண்பனின் தோல்வியாகிறது. துன்பியலின் அச்சு இதுதான்.

விடியவிடிய ஆடவேண்டியதை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது கடோற்கசனைத்தான். இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது. அவனை வெட்டினால் வேலும் போய்விடும். 17ஆம் நாள் கர்ணன் வெறுமனே தேர்ச்சில்லு புதைந்ததால் சாவான்.

இன்னொன்று, தயவுசெய்து பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்த காக்கை வன்னியனைப் போல ஒருவனைக் கொண்டுவந்து பழியை அவன் தலையில் போடாதீர்கள். துரோகி வந்தவுடன் நண்பர்கள் இருவரும் எந்தப் பிழையும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு நாடகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கர்ணனையே விட்டுவிட்டாலும் நல்லது. கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த மண் உங்களுடையது. கோவலனின் தோழன் மாடலனை எடுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்தித்து, பொழுது படுமுன் நகருக்குள் போ என்று கவுந்தியடிகளோடு சேர்ந்து சொன்னவன் அவன். கொலைச் செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோனவனும் அவனே. அதைக் கேட்டுக் கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் உயிர்விட்டார்கள். தந்தையர் இருவரும் துறவு பூண்டார்கள். தன் வாயால் கேட்டவர்கள் இறந்தார்களே என்று அந்தப் பாவம் தீரக் கங்கையாடப் போனான் மாடலன். போர் வேண்டாம், தேர் வேண்டாம், ஐந்தாறு பேர் போதும். திரை விலகும்போது கோவலன் உயிரோடு நிற்கட்டும். மாடலன் கையை நீட்டி மதுரையைக் காட்டட்டும்.