பல்செட் வைத்த அப்பாவுக்கு மாட்டிறைச்சி கொடுக்கலாமா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. பல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் பல்செட் வைத்ததிலிருந்து கஞ்சியும் சாயாவுமாகத்தான் ஓட்டுகிறார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்திருக்கிறது. ரத்தம் ஊறட்டும் என்று மாட்டிறைச்சி வாங்கி வந்தேன். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அவரால் மெல்ல முடியவில்லை. விறகடுப்பில் மூன்று மணி நேரம் போடு, ராத்திரி அப்படியே அடுப்பில் இருக்கட்டும், மறுநாள் சுண்ட வைத்துக் கொடு என்கிறார் அத்தை. அவ்வளவு நேரம் வெந்தால் சத்து போய்விடாதா டாக்டர்? பிரஷருக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். மூட்டுவலி மாத்திரைகளில் பல வகை, வயதானவர்களின் இரைப்பையில் புண் உண்டாக்கி, வெளியே தெரியாமலே ரத்தம் கசிய வைக்கும். பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வயதானால் ரத்தம் குறையத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 71 வயதில் 10.2 என்றால் காரணம் ஒன்று இருக்கிறது, அதைத் தேடியே ஆக வேண்டும். குழித்துறையோ, ஆசாரிப்பள்ளமோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரமோ, உங்களுக்கு எது வசதியோ அங்குள்ள மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை) பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் குடல் பரிசோதனையும் சொல்வார்கள். மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வகைப் பரிசோதனை ஒன்று உண்டு. மாட்டிறைச்சி சாப்பிட்டிருந்தால் அதில் தவறாக ரத்தம் என்று காட்டிவிடலாம். அதனால் மலப் பரிசோதனை எழுதினால், மூன்று நாள் முன்பே இறைச்சியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

இனி சட்டிக்கு வருவோம். வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய பாகம்தான். கொழுப்பும் ஜவ்வும் இல்லாத தொடைச்சதையைப் பார்க்க அழகாக இருக்கிறதென்று வாங்கினால், வேக வேக வறண்டு நாராகத்தான் போகும். கடையில் கெண்டைக்கால் சதையோ, கழுத்தோ, நெஞ்சுக்கறியோ கேளுங்கள். இவற்றில் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேலான சூட்டில் ஈரத்தோடு மணிக்கணக்காகக் கிடந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். அப்போதுதான் கறி கரண்டி பட்டாலே பிரியும். தளதளவென்று கொதிக்க விட்டால் ஜவ்வு கரைவதற்குள் சதை சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல் தன் சாற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடும். சட்டி ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும், மூடி போட்டு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அத்தை சொன்ன விறகடுப்பில் கனலைத் தள்ளிவைத்து இதைச் செய்வது எளிது. குக்கர்தான் என்றாலும் குறை இல்லை: இதே பாகத்தை, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வையுங்கள். போத்திறைச்சியானாலும், அதாவது எருமைக்கறியானாலும், இதே முறைதான். சோடா உப்பு போட்டு மென்மையாக்க வேண்டாம். பிரஷர்காரருக்கு அந்தச் சோடியம் ஆகாது.

சத்து பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. புரதமும் இரும்பும் நெடுநேரம் வெந்தாலும் பெரிதாகக் குறையாது. பி வைட்டமின்களில் ஒரு பங்கு சூட்டில் குறையும், இன்னொரு பங்கு தண்ணீரில் இறங்கும். அதனால் முதலில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பாகவே கொடுங்கள். யூரிக் அமிலம் ஏறிக் கால்மூட்டு வீங்குகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அப்பாவின் மூட்டுவலி அந்த வகையா என்று கேட்டுவிடுங்கள். இறைச்சியிலுள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும், கூடவே வைக்கும் முருங்கைக்கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அந்த இரும்பைத் தடுக்கும் சாயா மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.

அத்தையின் யோசனையில் எனக்குப் பயம் தருவது ராத்திரி முழுக்க அடுப்பில் கிடக்கும் அந்தச் சட்டிதான். சுண்டக்கறியின் ருசி நானும் அறிந்ததுதான், அதை விடச் சொல்லவில்லை. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. ஆழமான சட்டி மெல்ல மெல்ல ஆறும்போது, வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் முளைத்து, மளமளவென்று பெருகும். மூடியிருக்கும் கெட்டிக் குழம்பு அதற்கு வெகு தோது. வாடையிலோ ருசியிலோ தெரியாது. சாப்பிட்ட 6 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து பேதி ஆகும். இளையவர்கள் ஒரு நாளில் எழுந்துவிடுவார்கள். உங்கள் அப்பா நீர் வற்றி, பிரஷர் மாத்திரையும் சேர, படுக்கையில் விழுந்துவிடலாம். எனவே அடுப்பை அணைத்ததும் கறியை அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் விரல் உயரத்துக்குப் பரத்தி, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே உறைந்த கொழுப்பை மறுநாள் வழித்துப் போட்டுவிட்டால் கொலஸ்டிரால் கவலையும் பாதி தீரும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுவரை கொதி வரும்படி சுண்ட வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அளவு: ஒரு வேளைக்கு வெந்த கறி 75 முதல் 100 கிராம், வாரம் மூன்று முறை. அதற்கு மேல் வேண்டாம். சிவப்பு இறைச்சி மிகுந்தால் குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடும். ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு மட்டும், மீதி ருசிக்கு நல்லமிளகு. மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) கொடுப்பதானால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சமாக.

வெந்த கறியை நாரின் குறுக்கே சிறிதாக நறுக்கி, முள்கரண்டியால் மசித்துக் குழம்போடு வையுங்கள். பல்செட் புதிதென்றால் இரண்டு பக்கமும் வைத்து மெல்லச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள். இவ்வளவு மென்மையாக வெந்த கறியும் நெஞ்சில் தங்குகிறது என்று அவர் சொன்னால் பழி பல்செட்டின் மேல் இல்லை, உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். அதையும் அந்த மருத்துவரிடமே சொல்லுங்கள்.