ராணுவ வீரர்கள், முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கு நம்மைப் போன்ற சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்?

குடியரசு தினத்துக்கு வாட்ஸப்பில் சல்யூட் படம் வைத்துவிட்டு, இது மட்டும் போதுமா என்று தோன்றிக் கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். நல்ல எண்ணம்தான். டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பணம் கொடுங்கள். 1949 முதல் வசூலாகும் அந்தப் பணம் முன்னாள் படைவீரர்கள், அவர்களுடைய குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பியவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்சன். எனக்குத் திருப்பூரில் வேலை. அம்மா உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஊரோடு தனியாக இருக்கிறார். பென்சன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் காட்டும் உயிர்வாழ் சான்றை ஒரு வருடம் நவம்பரில் கொடுக்க விட்டுப்போய் பென்சன் நின்றுவிட்டது. அம்மா என்னிடம் மூச்சு விடவில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனபோது காதில் தோடு இல்லாததைப் பார்த்துத்தான் கேட்டேன். அடகுக் கடையில் இருந்தது.

மகன் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்பீர்கள். மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அதை எனக்கென்று சீட்டில் போட்டு வைத்திருந்தார். அம்மாவுக்கு அப்பாவின் பென்சன்தான் சொந்தப் பணம்.

வங்கியில் எல்லாம் ஆன்லைன் என்று அனுப்பிவிட்டார்கள். உசிலம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டர் தம்பிதான் காப்பாற்றினார். மல்லிகை பறித்தும் களை எடுத்தும் அம்மாவின் பெருவிரல் ரேகை தேய்ந்து கிடந்தது, மெஷின் எடுக்கவே இல்லை. அந்தத் தம்பி ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்து வைத்துப் பார்த்தார். வெளியே ஆறேழு பேர் காத்து நின்றார்கள். கடைசியில் இடது மோதிர விரல் பதிந்தது. நின்றுபோன பணமும் சேர்ந்து வந்தது. இப்போது நவம்பர் பிறந்தால் அவரே "பெரியம்மா, கைரேகை வச்சுட்டுப் போங்க" என்று போன் செய்கிறார். நான் சொல்லும் ஆதரவு இதுதான்.

இன்னொன்று. லீவில் வருகிற ராணுவ வீரரிடம் மிலிட்டரி கேண்டீன் மது பாட்டில் கேட்காதீர்கள். அப்பா ஒவ்வொரு லீவிலும் இதனால் சொந்தக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்கினார்.

   

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயிர்வாழ் சான்றுக்காகச் சொல்லிவிட்டால் தபால்காரரே வீட்டுக்கு வருவார். செல்போனில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். பல பாட்டிகளுக்கு இது தெரியாது. நவம்பரில் உங்கள் தெரு மிலிட்டரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஆதார் அட்டை, பென்சன் ஆர்டர், செல்போன் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.