பயிற்சியில் விழும் பந்து போட்டியில் ஏன் விழுவதில்லை?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். பயிற்சியில் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் கோட்டில் நின்று தடுப்பின்றி எறியும் வாய்ப்பு) பத்துக்கு ஏழு, எட்டு விழுகிறது. போட்டியில் ஒன்று விழுவதே அபூர்வம். கவனம் போதவில்லை என்கிறார்கள். விரல்ரேகையைப் பரிசோதித்து மனவலிமைப் பயிற்சி தருவதாக ஒரு மையத்தில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? - ஒரு தந்தை, திண்டுக்கல்.

பதில்: சேர்க்காதீர்கள். விரல்ரேகையை வைத்துத் திறமையைக் கணிக்கும் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே 2019-இல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பள்ளி வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘மூளைத் திறன் வரைபடம்’ என்று வண்ண அறிக்கை ஒன்றைத் தருவார்கள். அதில் யாருடைய பெயரை எழுதினாலும் பொருந்தும். சில இடங்களில் பயிற்சியாளருக்கும் கமிஷன் போகிறது. ‘இந்த மையத்துக்குத்தான் போக வேண்டும்’ என்று ஒருவர் வற்புறுத்தினால் அந்த வற்புறுத்தலையே சந்தேகப்படுங்கள்.

உங்கள் மகளுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது. அது போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான முறை எறிந்து பழகிய கை தானாக வேலை செய்யும். போட்டியில் எல்லோரும் பார்க்கும்போது, தவறிவிடுமோ என்ற பயத்தில், முழங்கை நேராக இருக்கிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா என்று அவள் தன் கையையே கண்காணிக்கத் தொடங்குகிறாள். கோலம் போடுபவர் புள்ளியை விட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தால் கோடு நடுங்கும் அல்லவா, அப்படித்தான்.

காப்ரியேல் வுல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-இல் இதே ஃப்ரீ த்ரோவை வைத்துச் சோதித்தார்கள். மணிக்கட்டை நினைத்து எறிந்தபோது இருந்ததைவிட, வளையத்தின் பின்விளிம்பை நினைத்து எறிந்தபோது குறி நன்றாக இருந்தது. கைத்தசைகளும் குறைவாகவே உழைத்தன. எனவே ‘முழங்கையைப் பார்’ என்று ஓரத்திலிருந்து கத்துவதை நிறுத்துங்கள். நடுவர் பந்தைக் கொடுத்த பிறகு 5 விநாடி இருக்கிறது. பந்தை வழக்கம்போல் தட்டிவிட்டு, வளையத்தில் ஒரே இடத்தில் ஒரு விநாடி கண்ணை நிறுத்தி எறியட்டும். தேர்ந்த வீரர்களின் பார்வை எறிவதற்கு முன் அப்படி நிலைத்து நிற்பதை ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். அவளுடைய எறியும் முறையைப் பயிற்சியாளர் அண்மையில் மாற்றியிருந்தாலோ, காயத்துக்குப் பிறகு அவள் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தாலோ, கை இன்னும் தானாக ஓடாது. அப்போது கையைக் கவனிக்கத்தான் வேண்டும். கால்பந்து வீரர்களிடம் செய்த ஒரு சோதனையில், பழகிய காலைக் கவனித்தபோது ஆட்டம் கெட்டது. பழகாத காலைக் கவனித்தபோது மேம்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் பயிற்சிக் களத்தோடு நிற்க வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எறியும் முறையை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாற்றம் தேவையே என்றாலும் போட்டி முடிந்த பிறகு செய்யலாம். பாதி மாறிய கையோடு களத்தில் இறங்குவதைவிடப் பழைய குறையோடு இறங்குவது மேல்.

பயிற்சி முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். நின்ற இடத்தில் வரிசையாக ஐம்பது எறிவது போட்டியில் நடப்பதே இல்லை. அதனால் பயிற்சியிலும் ஓடி மூச்சு வாங்கும்போது இரண்டு மட்டும் எறிய வேண்டும், பிறகு மறுபடி ஓட வேண்டும். எத்தனை முறை என்பதை அவளே முடிவு செய்யட்டும். தான் தேர்ந்தெடுத்த பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஈடுபாடு கூடும். நன்றாக விழுந்ததைச் சொல்லிக் காட்டுங்கள், தவறியது அவளுக்கே தெரியும். புள்ளிக்கு இவ்வளவு என்று பணமோ செல்போனோ பேரம் பேசாதீர்கள். கோட்டில் நிற்கும்போது அந்தப் பேரமும் கூடவே வந்து நிற்கும்.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்காகத்தான் இவ்வளவு அவசரம் என்றால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, பள்ளி முழுவதற்கும் ஒரே ஆசிரியரை வைத்துவிட்டு, ஒரே நாள் தேர்வில் நாலைந்து எறிதலைப் பார்த்து ஒரு பிள்ளையின் திறமையை முடிவு செய்கிறார்கள். அந்த நாலைந்தில் தெரிவது பெரும்பாலும் பதற்றம்தான். இதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

அந்த மையத்தில் முன்பணம் கட்டியிருந்தால் ரசீதுடன் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் திண்டுக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.