அல்பேனியாவில் ஜிரோகாஸ்தர் போன்ற பழைய ஊரில் நான்கு நாள் ஹாஸ்டலில் தங்க எவ்வளவு ஆகும்? எப்படித் திட்டமிடுவது?

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க மேடம்" என்று யாராவது கீழே பின்னூட்டத்தில் வந்துவிடுவார்கள். 2023 அக்டோபரில் நான்கு இரவுக்கு எனக்கு ஆன செலவு, தலைநகர் திரானாவிலிருந்து போக வர பஸ்ஸும் சேர்த்து, 130 யூரோவுக்குச் சற்று உள்ளே. டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு கட்டில் இரவுக்கு 12 யூரோ, காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். விமான டிக்கெட்டும் ஒரு டிராலிச் சக்கரமும் இந்தக் கணக்கில் சேராது. பிறகு சக்கரத்தின் கதைக்கு வருகிறேன்.

"தனியாகப் போகிறேன், கையில் காசு குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் எங்கேயோ படிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் விசா கவலை பெரும்பாலும் இல்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் ஏற்பாட்டில் அல்பேனியா கிடையாது. ஆனால் ஷெங்கன் நாட்டு ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை அப்படியே விடுகிறார்கள். நான் ஜெர்மன் பெர்மிட்டைக் காட்டித்தான் போனேன். ஒருமுறையாவது பயன்படுத்திய மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருந்தாலும் சரி. மற்றவர்கள் ஆன்லைனில் இ-விசா வாங்க வேண்டும். ஊரிலிருந்து சிங்கிள் என்ட்ரி விசாவில் வந்து, நடுவில் அல்பேனியாவுக்கு ஒரு எட்டு போய் வரலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், திரும்ப ஷெங்கனுக்குள் விடமாட்டார்கள். விதிகள் மாறும், டிக்கெட் போடும் முன் அல்பேனிய வெளியுறவுத் துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹாஸ்டல் என்று சொன்னதும் திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, வார்டன் பொம்பளயா ஆம்பளயா?" எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்லூரி ஹாஸ்டலில் ஏழு மணிக்குக் கதவடைத்த காலத்திலேயே அம்மா நிற்கிறாள். இது வேறு ஹாஸ்டல், வெளிநாட்டுப் பயணிகள் கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்குவது என்றேன். "யாரு யாரோ படுத்த கட்டில்லயா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். இந்த வயதில் டார்மில் தங்குவதைப் பற்றி உங்களில் யாருக்காவது கருத்து இருந்தால் அதையும் என் அம்மாவிடமே சொல்லிக்கொள்ளலாம்.

இனி விஷயம். ஜிரோகாஸ்தர் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் (பெராத் என்ற இன்னொரு பழைய அல்பேனிய ஊர் 2008-இல் அதோடு சேர்ந்தது). மலைச்சரிவில் கல் வீடுகள், அவற்றுக்குக் கூரையும் கல் பலகை. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் தொடங்கும். புகைப்படத்தில் இதெல்லாம் அழகு. பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் புகைப்படத்தில் தெரியாது. அது கீழே, புது ஊரில், பெரிய ரோட்டில் நிற்கும். உங்கள் ஹாஸ்டல் மேலே இருக்கும். வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும்; செங்குத்து ஏற்றம், வழி முழுக்கக் கல் பாவிய தெரு என்று காட்டாது.

நான் திரானாவிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய மெர்சிடிஸ் ஒன்றில் சாய்ந்து நின்ற பெரியவர் ஒருவர் மேலே கையைக் காட்டி "டாக்ஸி?" என்றார். எவ்வளவு என்றேன். "த்ரீ தவுசண்ட்."

அல்பேனியப் பணத்துக்கு லெக் என்று பெயர். அப்போது ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 106 லெக். மூவாயிரம் என்றால் 28 யூரோ, ஒன்றரை கிலோமீட்டருக்கு! ஜங்ஷனில் ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசி வளர்ந்தவளிடமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலையை ஆட்டி மறுத்தேன். அவர் மூன்று விரலை விரித்துக் காட்டினார். குறைக்கமாட்டேன் என்று அடித்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என்னால் முடிந்த அளவுக்கு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, டிராலியைத் திருப்பி ஏற ஆரம்பித்தேன். அவர் பின்னால் ஏதோ சொன்னார், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தெருக் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவை நெருங்கியதும் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் கட்டமாகப் பாவியிருப்பார்கள். ஆண்டாண்டாக மிதிபட்டு எண்ணெய் தேய்த்ததுபோல் வழுவழுவென்று இருக்கும். நனைந்தால் பாசி படிந்த படித்துறைதான். செருப்பு ஒரு பக்கம் இழுக்க, டிராலி மறு பக்கம் இழுத்தது. தெருக்கள் வந்து கூடும் முச்சந்திக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பஜாரின் கழுத்து'. சரியாக அந்தக் கழுத்தில் வைத்துத்தான் என் டிராலியின் நாலு சக்கரங்களில் ஒன்று கழன்று, உருண்டு, வந்த வழியே இறங்கிப் போனது. கடை வாசலில் கம்பளிக் காலுறை விற்றுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் அதை எடுத்து, துடைத்து, ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் கொடுத்தார்.

ஹாஸ்டல் அதற்கும் மேலே. போய்ச் சேர்ந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். ஹாஸ்டல் நடத்தும் அம்மாவிடம் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் டாக்ஸிக்காரர் மேல் புகார் வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் 3000 என்று எழுதி, கடைசிச் சுழியை அடித்தார்.

1965-இல் அல்பேனியாவில் பணத்தை மாற்றினார்கள். பத்துப் பழைய லெக்குக்கு ஒரு புது லெக். நோட்டு மாறியது, வாய் மாறவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகியும் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறவர்கள் ஏராளம். அந்த அம்மாவுக்கு மாற்றம் வந்தபோது மூன்று வயதுதானாம், அவரே பழைய லெக்கில்தான் நினைக்கிறாராம். டாக்ஸிக்காரர் கேட்டது 300 லெக், மூன்று யூரோகூட இல்லை. மூன்று விரலைக் காட்டியது, 'நூறு லெக் நாணயம் மூன்று கொடு போதும்' என்பதற்கு.

யோசித்துப் பார்த்தால் இதில் நமக்குப் புதிது என்ன இருக்கிறது? நம் ஊரில் 1957-இல் அணா போய்ப் புது பைசா வந்தது. எங்கள் ஆச்சி கண்ணை மூடும்வரை எட்டணா, நாலணா என்றுதான் சொன்னாள். ஆச்சி ஏமாற்றுகிறாள் என்று யாரும் அவளிடம் சண்டைக்குப் போனதில்லை.

ஆகவே பட்ஜெட் போடும்போது முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தச் சுழி விவகாரம். பத்து மடங்கு அதிகமாகத் தோன்றுகிற விலையைக் கேட்டால் கோபப்படாதீர்கள். "தெ ரேயா?" என்று கேளுங்கள், 'புதுசா?' என்று அர்த்தம். அல்லது போனை நீட்டி எண்ணை அடிக்கச் சொல்லுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் விலை புது லெக்தான், சூப்பர் மார்க்கெட்டில் குழப்பமே வராது. வாய்ப் பேச்சில்தான் வரும். "எல்லாரும் யோக்கியர் என்கிறீர்களா, என்னை விமான நிலையத்தில் மொட்டையடித்தார்கள்" என்று யாராவது வருவார்கள். அடித்திருக்கலாம். நான் இந்த ஊரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நாட்டுக்கே நற்சான்றிதழ் கொடுக்கவில்லை.

ரொக்கம் பற்றியும் ஒன்று. ஹாஸ்டல், பஸ், சின்னக் கடை எல்லாம் ரொக்கம்தான். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள், ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். ஹாஸ்டலில் யூரோவாகவே வாங்கிக்கொள்வார்கள்.

ஹாஸ்டல் தேர்வு: பழைய ஊர் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. கோட்டைக்கும் பஜாருக்கும் எத்தனை படி என்று விமர்சனங்களில் தேடுங்கள். யாராவது ஒருவர் நிச்சயம் முழங்காலைப் பற்றிப் புலம்பியிருப்பார். அக்டோபருக்குப் பிறகு போனால் அறையில் ஹீட்டர் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். இந்த வீடுகளின் சுவர் இடுப்பளவு தடிமன். கீழ்த்தளம் அந்தக் காலத்தில் சாமான் போடவும் மழைநீர் சேர்க்கவும் கட்டியது. அங்கே கட்டில் போட்டிருந்தால் ஜில்லென்று இருக்கும். மேல் மாடி கேளுங்கள். அங்கேதான் மரத்தாலான உட்கூரையும், ஜன்னல் ஓரமாக நீளத் திண்ணை மாதிரி இருக்கையும், எதிரே திரினோ பள்ளத்தாக்கும். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள், டார்மில் குறட்டைக்கு நாடு கிடையாது. விடியற்காலையில் பஜார் மசூதியின் பாங்கும் கேட்கும். 1757-இல் கட்டிய மசூதி. 1967-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாட்டில் மதத்தையே தடை செய்தார்கள், அப்போது உயரமான குவிமாடம் இருக்கிறதே என்று இதை சர்க்கஸ்காரர்கள் ஊஞ்சல் கட்டிப் பழகுகிற இடமாக்கிவிட்டார்களாம். அந்த ஆட்சியை நடத்திய என்வர் ஹோஜா பிறந்ததும் இதே ஊர்தான். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது இனவியல் அருங்காட்சியகம் இருக்கிறது.

பார்க்க வேண்டியவற்றை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளப் போவதில்லை. கோட்டைக்குச் சில நூறு லெக் டிக்கெட். 1957-இல் அல்பேனியாவில் தரையிறங்கிய அமெரிக்க ராணுவ ஜெட் ஒன்று கோட்டை மேலே துருப்பிடித்து நிற்கிறது. உளவு விமானம் என்று காட்சிக்கு வைத்தார்கள். ஸ்கெந்துலி வீடு என்ற பழைய கல் வீட்டைப் பாருங்கள். மீதி நேரம் சும்மா நடங்கள், நடப்பதற்குக் காசில்லை.

சாப்பாட்டுக்கு அப்போது நாளைக்குப் பத்து யூரோ போதுமாக இருந்தது. காலையில் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த பியூரெக், நம் பப்ஸுக்குப் பெரியம்மா. சைவத்துக்காரர்கள், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால், இந்த ஊரில் பிழைத்தீர்கள்: சிஃப்சி என்று ஒரு சோற்றுருண்டை உண்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் ஹாஸ்டல் சமையலறையில் அந்த அம்மா அதைச் செய்துகொண்டிருந்தார். வடித்த சோற்றில் முட்டை, புதினா, மிளகுத்தூள் பிசைந்து வைத்திருந்தார். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு குழி. நம் குழிப்பணியாரச் சட்டியேதான்! குழியில் எண்ணெய் விட்டு உருண்டையை வைத்து, ஒரு பக்கம் வெந்ததும் முள்கரண்டியால் திருப்ப வேண்டும். முதல் ஈட்டை அவர் எடுத்தார். இரண்டாவது ஈட்டுக்கு நான் கரண்டியை வாங்கினேன். விளிம்பில் ஒரு குத்து, மணிக்கட்டில் ஒரு சுழற்று, அவ்வளவுதான், ஒன்றும் உடையவில்லை. அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஊரிலும் இந்தச் சட்டி இருக்கிறது என்று போனில் படம் தேடிக் காட்டினேன். அதற்கப்புறம் நான் தங்கிய நாள்வரைக்கும் ராச்சாப்பாட்டுக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. இதை பட்ஜெட் டிப்ஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பணியாரம் திருப்ப வராமல் இருக்கலாம்.

சக்கரத்துக்கு வருகிறேன் என்றேன். அந்த டிராலி திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் வாங்கியது. பில்லில் கொட்டை எழுத்தில் 'ஐந்து வருட வாரண்டி'. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது டிராலியையும், காலுறைப் பாட்டி துடைத்துக் கொடுத்த சக்கரத்தையும் கவரில் போட்டு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். சக்கரம், கைப்பிடி, ஜிப், பூட்டு இவற்றுக்கு வாரண்டி பொருந்தாது. அப்படியென்றால் எதற்குத்தான் வாரண்டி என்றேன். "பாடிக்கு மேடம்." பெட்டியின் பாடி தானாக எப்போது உடையும், யானை ஏறினாலா? மேனேஜரைக் கூப்பிடு என்றால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். நான் மூன்று நாள் போனேன், மூன்று நாளும் அவர் சாப்பிடப் போயிருந்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நீங்கள் முதுகுப்பை எடுத்துப் போங்கள்.

கடைசி நாள் காலை பஸ்ஸுக்கு இறங்க அந்த அம்மாவே டாக்ஸிக்குப் போன் செய்தார். முதல் நாள் பார்த்த பெரியவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஆள், இளைஞர். எவ்வளவு என்றேன். "த்ரீ ஹண்ட்ரட்." நான்தான் இப்போது விவரமானவள் ஆயிற்றே, பழையதா புதியதா என்று கேட்டேன். பழையது என்றால் முப்பது லெக், அதற்கு அங்கே ஒரு காபிகூட வராது. பையன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். டிராலியைப் பஸ்வரைக்கும் அவனேதான் தூக்கிவந்தான்.