அயர்லாந்து மக்களின் இன்றைய சாப்பாட்டில் பொதுவாக என்னென்ன சத்துக் குறைபாடுகள் இருக்கின்றன?

அயர்லாந்தின் லிமரிக் நகரில் படித்தபோது பகுதிநேரமாக ஒரு கடையின் டெலி கவுண்டரில் வேலை பார்த்தேன். காலையில் பிரேக்ஃபாஸ்ட் ரோல், மதியம் சிக்கன் ஃபில்லட் ரோல். வெள்ளை ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, சாசேஜும் ராஷர் எனப்படும் உப்பிட்ட பன்றிக்கறியும் வைத்துக் கொடுப்போம். கீரை, காய் ஏதாவது வைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பவர்களே அதிகம்.

அந்த ரோலிலேயே பாதிப் பதில் இருக்கிறது. புரதமும் கொழுப்பும் தேவைக்கு மேலேயே கிடைக்கின்றன; பெரியவர்களில் பத்தில் ஆறு பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். குறைவது நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 25 கிராம் வேண்டும், பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. நல்ல ஓட்ஸ் விளைகிற நாட்டில் இப்படி என்பது எனக்கு வருத்தம்தான். உப்பும் அதிகம். அது சாப்பாட்டு மேசையில் தூவுவதால் வருவதைவிட, ரொட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் ஏற்கெனவே கலந்து வருவதுதான் கூடுதல்.

ஆனால் பெரிய பிரச்சினை வைட்டமின் டி. நாடு இருப்பது 51 முதல் 55 பாகை வட அட்சரேகைக்குள். குளிர்காலத்தில் மத்தியான வெயிலில் நின்றாலும் தோலால் வைட்டமின் டி தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் கிடைப்பதோ கொஞ்சம்தான். அது அதிகமுள்ள மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களைப் பலரும் தொடுவதில்லை, சுற்றிலும் கடல் இருந்தும். அதனால் 12 வயது முதல் எல்லோரும் ஹாலோவீன் (அக்டோபர் 31) முதல் செயின்ட் பேட்ரிக் நாள் (மார்ச் 17) வரை தினமும் 15 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நம்மைப் போன்ற கருமைத் தோல்காரர்களுக்கும் ஆண்டு முழுக்க. இது தெரியாமல் இரண்டாவது குளிர்காலத்தில் உடம்பு வலியும் அசதியுமாகக் கிடந்தேன். ரத்தப் பரிசோதனையில்தான் வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. நீங்கள் இங்கே வருவதாக இருந்தால் முதல் வாரமே மருந்துக்கடைக்குப் போய்விடுங்கள்.

இரும்புச்சத்து, குறிப்பாக வளரும் பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் போதவில்லை. சாப்பாட்டோடேயே டீ குடிக்கும் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது; காய்கறி, தானியங்களில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதை டீ குறைத்துவிடும். அப்புறம் அயோடின். நம் ஊர் மாதிரி இங்கே எல்லா உப்பிலும் அயோடின் சேர்ப்பதில்லை. அது பெரும்பாலும் பசும்பாலிலிருந்தே கிடைக்கிறது. பாலை விட்டு ஓட்ஸ் பானத்துக்கு மாறுகிறவர்கள், அயோடின் சேர்த்ததுதானா என்று பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கருத்தரித்த முதல் 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அந்தக் குழாய் சரியாக மூடாமல் போகலாம். அந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் அயர்லாந்தில் நீண்ட காலமாகவே அதிகம். அதனால்தான் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் எல்லோரும், இப்போது திட்டம் இல்லாவிட்டாலும், தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். திருமணமாகி இங்கே வரும் நம் பெண்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.